ஸ்டியரிங் பிடிக்காத ஓட்டுநர்கள்



விபத்துக்குக் காரணம் சாலையா, ஓட்டுநரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஓட்டுநர் அணி. ஆனா ஐயா, ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி ஓட்டுறவங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஒருவர், வீட்டிலிருந்து ஃபோன் போடுகிறவர். இன்னொருவர், பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பவர்.

முதல் ஆள் நான்தான்! என் வீட்டுக்காரர் கார் டிரைவர். "எங்க இருக்கீங்க, சாப்பிட்டாச்சா?"ன்னு தினமும் ஃபோன் போடுவேன். பாசம்! ஒருநாள் அவர் "ஹலோ" என்றார். அடுத்த நொடி டமார்னு சத்தம். ஓரமாக நின்ற லாரியில் இடித்துவிட்டார். பெல்ட் போட்டிருந்ததால் கையில் கட்டோடு வீடு வந்தார்.

அன்றைக்குக் கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், யார் கூப்பிடுவது என்று 3 நொடி குனிந்து பார்த்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு 50 மீட்டர் ஓட்டியதற்குச் சமம். ஹெட்செட் மாட்டினா கை ஃப்ரீதான். கவனம்? அது என்கிட்ட வந்துடுதே ஐயா! (கைதட்டல்)

அடுத்து பின் சீட்டுக்காரர். "பின்னாடிதானே, பெல்ட் எதுக்கு?" என்பார். வண்டி இடித்து நின்றாலும் உடம்பு நிற்காது. அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பாயும். அது 14 மீட்டர் உயரத்திலிருந்து, ஏறக்குறைய நாலாவது மாடியிலிருந்து, விழுகிற வேகம்! முன் சீட்டில் இருப்பவரையும் சேர்த்து நசுக்கும்.

2022 செப்டம்பரில், மும்பை - அகமதாபாத் நெடுஞ்சாலையில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி போன கார் பாலத்துச் சுவரில் மோதியது. பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். அந்த இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். உசந்த கார்தான், பெல்ட்டும் இருந்தது. மாட்டத்தான் இல்லை.

மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற இந்த பெல்ட்டை 1959-ல் வால்வோ கம்பெனிக்காக உருவாக்கியவர் நீல்ஸ் போலின் என்ற எஞ்சினியர். மற்ற கம்பெனிகளும் செய்துகொள்ளட்டும் என்று அந்தக் காப்புரிமையை வால்வோ திறந்துவிட்டது. உயிர் காக்க அவங்க சும்மா கொடுத்ததை, 1000 ரூபாய் அபராதம்னு சொன்னாத்தான் நாம மாட்டுறோம்!

இப்போ நான் ஃபோன் போடுறதில்லை. வண்டியை ஓரங்கட்டிட்டு அவரே பேசுவார். அரை மணி காத்திருந்தால் அவர் குரல் வரும். அவசரப்பட்டு அழைத்தால், ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் வராது.