நாணேற்றிய வில்லும் மூவணு வளையமும்

வில்லை வளைத்து நாணேற்றும்போது, வளைத்தவனின் வலிமை வில்லிலே தேங்கி நிற்கிறது. நாண் அறுந்தால் அவ்வலிமை நொடியில் வெளிப்பட்டுவிடும். இரசாயனப் பொருள்களிலும் நாணேற்றிய வில்லைப் போன்றவை உண்டு.

இரட்டைப் பிணைப்புள்ள காபன் அணு, தன் பிணைப்புகளை ஏறத்தாழ 120 பாகைக் கோணத்தில் விரித்து நிற்பதே இயல்பு. சைக்கிளோபுரொப்பீன் என்னும் பொருளிலோ மூன்று காபன் அணுக்கள் முக்கோணமாய்ப் பிணைந்துள்ளன. முக்கோணத்தின் கோணங்கள் மூன்றும் சேர்ந்தே 180 பாகைதான். ஆகவே இரட்டைப் பிணைப்புடைய அணுக்கள் சுமார் 65 பாகைக்குள் ஒடுங்க நேர்கிறது. சிறு வளையங்களில் இத்தகைய இறுக்கம் உண்டென்பதை ஜெர்மானிய அறிஞர் அடொல்ப் வொன் பேயர் 1885இல் எடுத்துரைத்தார். 1922இல் ரஷ்ய அறிஞர்களான தெமியானொவும் தொயாரெங்கோவும் சைக்கிளோபுரொப்பீனை ஆக்கினர். கடுங்குளிரில் வைத்தாலன்றி அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடி வேறு பொருளாகிவிடும்.

இவ்வளவு நிலையற்ற பொருளினால் பயன் யாது? விடை பழக்கூடையில் இருக்கிறது. பழுக்கும் பழம் எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயு அருகிலுள்ள காய்களின் ஏற்பிகளிற் சேர்ந்து அவற்றையும் பழுக்கச் செய்கிறது. ஒரு பழம் முந்திக்கொண்டால் கூடை முழுவதும் கனிந்து, சந்தையை அடையுமுன் அழுகிப்போகலாம். உழைத்தவனுக்கு நட்டமே மிஞ்சும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் ஆகியோர் 1990களில் இதற்கு வழி கண்டனர். சைக்கிளோபுரொப்பீனின் உறவுப்பொருளான மெதைல்சைக்கிளோபுரொப்பீன், எதிலீனுக்குரிய ஏற்பியில் தான் அமர்ந்துகொள்கிறது. அங்குள்ள செம்போடு சேர்கையில் அதன் இறுக்கம் தளர்வதால், அது எளிதில் விலகுவதில்லை. பூட்டினுள் வேறொரு சாவி இறுகிக்கொண்டதைப் போன்ற நிலை இது. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே அப்பிள் பழங்கள் நீண்டநாள் உறுதி குன்றாமல் இருக்கும்.

இப்பொருளை அப்படியே சேமித்து வைப்பது கடினம். ஆதலால் மாப்பொருளிலிருந்து பெறும் சைக்கிளோடெக்ஸ்ரின் என்னும் கூட்டினுள் அடைத்துத் தூளாக்குவர். நீரிற் கலந்தால் வாயு வெளிப்படும்.

ஆயினும் அளவும் காலமும் அறிந்தே இதனைக் கையாள வேண்டும். மிக முந்திப் பயன்படுத்தினால் வாழைக்காய் சீராய்ப் பழுக்காது போகலாம். நாணேற்றிய வில் எதனைக் காக்கும் என்பது, அதை ஏந்தியவனின் அறிவைப் பொறுத்ததே.