ஆற்றில் விடும் மீன்குஞ்சுகள்: விட்டது லட்சம், பிழைத்தது எத்தனை?

புணே: ஆறுகளில் மீன்குஞ்சு விடும் திட்டங்களின் வெற்றி, எத்தனை லட்சம் குஞ்சுகள் விடப்பட்டன என்பதைக் கொண்டே பெரும்பாலும் அளக்கப்படுகிறது. அவற்றில் எத்தனை பிழைத்தன, ஆற்றில் ஏற்கெனவே இருந்த மீன்களுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விகள் எழுவது அரிது. அக் கேள்விகளைத் தவிர்ப்பதன் விலை என்ன என்பதற்கு, புணே மாவட்டம் லோனாவாலாவில் தொடங்கிக் காவிரி வரை நீண்ட மஹசீர் மீனின் கதையே சான்று.

கெண்டை குடும்பத்தைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹசீர், புணேவுக்குச் சொந்தமான மீன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி சைக்ஸ், இங்குள்ள முளா-முடா ஆற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டே 1839-ல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். அணைகளும் கழிவுநீரும் ஆற்றின் இயல்பை மாற்றியதால் இம் மீன் அருகத் தொடங்கியது.

லோனாவாலா முயற்சி

இந் நிலையில், லோனாவாலாவின் வால்வண் ஏரிக்கரையில் டாடா மின் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் மஹசீர் குஞ்சு பொரிப்பகத்தை அமைத்தது. மகாராஷ்டிர மீன்வளத் துறை முன்னாள் இயக்குநர் சி.வி. குல்கர்னி இதற்கு வழிகாட்டினார். முதிர்ந்த மீன்களிடமிருந்து முட்டையையும் விந்தையும் பிதுக்கி எடுத்துக் கலந்து, ஓடும் நீரில் தட்டுகளில் வைத்துப் பொரிக்கச் செய்யும் முறை இங்கு செம்மைப்படுத்தப்பட்டது. லட்சக்கணக்கில் உற்பத்தியான குஞ்சுகள் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அழியும் நிலையில் உள்ளதாகக் கருதப்பட்ட இம் மீன், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2018-ம் ஆண்டு மதிப்பீட்டில் அப் பட்டியலிலிருந்து விடுபட்டது.

காவிரியில் நேர்ந்தது

ஆனால், இம் மீன் காவிரிக்கு உரியதன்று. காவிரிக்கென்றே திமில் மஹசீர் என்ற தனி இனம் உண்டு. 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய மீன் ஒன்று 120 பவுண்டு எடை கொண்டிருந்தது. மஹசீர் வளத்தைப் பெருக்கும் நோக்குடன் காவிரியில் நீலத்துடுப்பு மஹசீர் விடப்பட்டது. அது பிழைத்தது, பெருகவும் செய்தது. கர்நாடகக் காவிரியின் தூண்டில் முகாம்களில் 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட மீன்களின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, மொத்த எண்ணிக்கை பெருகியதும், திமில் மஹசீர் மட்டும் சரிந்ததும் தெரியவந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது வெற்றியாகவே தோன்றியது.

அப்போது திமில் மஹசீருக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. தமிழகத்தின் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்த பிறகே, 2018-ல் அதன் இனம் உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டு அது மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடிவைத்து மீன்பிடித்தல் ஆகியவையும் இதற்குக் காரணங்கள். எனினும் பிற இன மஹசீரை விட்டது முக்கியக் காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

செலவுக் கணக்கு

பொரிப்பகத்தில் வளரும் குஞ்சுக்கு வேளைக்கு உணவு கிடைக்கிறது. எதிரியை அது அறியாது. வெள்ளத்தின் வேகமும் பழக்கமில்லை. எனவே ஆற்றில் விட்டவுடன் பெரும்பகுதி மடிந்துவிடுவது உலகெங்கும் கண்ட அனுபவம். பெரிய குஞ்சுகள் கூடுதலாகப் பிழைக்கும். ஆனால் வளர்ப்புச் செலவும் கூடும். உதாரணமாக, ஒரு குஞ்சின் செலவு 2 ரூபாய் என்றும், நூற்றில் ஒன்றே பிழைக்கிறது என்றும் வைத்துக் கொண்டால், பிழைத்த மீன் ஒன்றின் உண்மையான விலை 200 ரூபாய்.

அமெரிக்காவின் மான்டானா மாநிலம் இக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. மேடிசன் ஆற்றில், பொரிப்பக டிரௌட் மீன்களை விடுவதை நிறுத்திய பகுதியில் ஆற்றிலேயே பிறந்த டிரௌட் மீன்கள் பெருகியது கண்டறியப்பட்டது. டிரௌட் தானாகப் பெருகும் ஆறுகளில் அவற்றை விடுவதை 1974-ல் அம் மாநிலம் கைவிட்டது.

இந்தியாவிலோ, 2020-ல் ரூ. 20,050 கோடி மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், ஆறுகளில் மீன்குஞ்சு விடுவதும் ஓர் அங்கமாயிற்று. அந்தந்த ஆற்றுக்குரிய இனத்தையே விடுவது, விடும் குஞ்சுகளில் ஒரு பகுதிக்கு அடையாளமிட்டுப் பின்னர் கணக்கெடுப்பது, பிழைத்த மீனுக்கான செலவை வெளியிடுவது ஆகிய மூன்றும் கட்டாயமானால்தான், மக்கள் பணம் எங்கே போகிறது என்பது புலப்படும்.

மீன் வாழத் தகுதியற்ற ஆற்றில் எத்தனை லட்சம் குஞ்சுகளை விட்டாலும் பயனில்லை. முளா-முடா ஆற்றின் மாசைக் குறைக்க ஜப்பானிய நிதியுதவியுடன் சுமார் ரூ. 990 கோடி மதிப்பில் திட்டம் வகுக்கப்பட்டது. அதற்கான கடன் ஒப்பந்தம் 2016-ல் கையெழுத்தானது. நீலத்துடுப்பு மஹசீருக்கு அறிவியல் பெயர் தந்த ஆற்றில் அம் மீன் மீண்டும் வாழ, பொரிப்பகத்தைவிட அவசியமானது தூய நீரே.