ஓர் இரவுத் தாலியும் பதிவுத் திருமணமும்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியில் ஏறி இறங்கி, கல்யாண மகாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரி வரை போகிறவர்கள் குறைவு. வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் தாய்க்கோயில் என்று கூத்துக்காரர்களும் பாரதப் பிரசங்கிகளும் சொல்லும் கோயில் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து நடக்கும், கடைசியில் படுகளமும் தீமிதியும். அந்தக் கூத்துகளில் ஒன்று அரவான் களப்பலி. வடமொழி பாரதத்தில் அர்ச்சுனன் மகன் அரவான் எட்டாம் நாள் போரில் மடிகிறான். தமிழ் மரபில் அவன் போர் தொடங்குமுன்னே காளிக்குத் தன்னைப் பலி கொடுக்க ஒப்புக்கொள்கிறான். அதற்கு முன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறான். விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி அவனை மணக்கிறான்.

அந்த ஒரு நாள் மனைவிதான் கூவாகம் திருவிழாவின் அடித்தளம். செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் கூவாகமும் இருந்தது; 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் போனது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் அங்கே கூத்தாண்டவர் எனப்படும் அரவானின் கோயிலுக்கு வருகிறார்கள். பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக வரிசையில் நிற்பவர்களின் கழுத்தில் பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டுகிறார். நேர்ந்துகொண்ட உள்ளூர் ஆண்களும் கட்டிக்கொள்கிறார்கள். இரவு முழுக்கக் கும்மியும் பாட்டும். மறுநாள் தேரில் அரவான் போனபின் அழுகளத்தில் ஒப்பாரி எழுகிறது. தாலியை அறுக்கிறார்கள், வளையலை உடைக்கிறார்கள், பிறகு வெள்ளைப் புடவை.

ஓர் இரவுக்கு ஒரு திருநங்கையை மணமகளாக மதம் ஏற்றுக்கொள்கிறது. வாழ்நாள் முழுவதும் ஏற்றுக்கொள்ளுமா? இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் இணையர்.

2018 அக்டோபர் 31 அன்று, தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் இந்து முறைப்படி மணந்துகொண்டார்கள். திருமணத்தைப் பதிய இணைச் சார்பதிவாளர் மறுத்தார். மாவட்டப் பதிவாளரும் அதையே உறுதி செய்தார். இருவரும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். அரசுத் தரப்பின் வாதம் எளிமையானது: 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 5ஆவது பிரிவு மணமகன், மணமகள் என்றுதான் சொல்கிறது, மணமகள் என்றால் திருமண நாளில் இருக்கும் பெண். இதற்கு ஆதாரமாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைக் காட்டினார்கள்.

2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்த நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அகராதியோடு நிற்கவில்லை. ஒரு சட்டத்தை அது எழுதப்பட்ட காலத்தின் பொருளில் உறைய வைத்துப் படிக்கக்கூடாது, இன்றைய சட்ட நிலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்றார். தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நல்சா வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியானால் தன்னைப் பெண்ணாக உணரும் திருநங்கை, சட்டம் சொல்லும் மணமகள்தான். அதோடு விடவில்லை. கோயிலில், தங்கள் மத முறைப்படி மணந்தவர்களுக்குப் பதிவை மறுப்பது அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு தரும் மத உரிமையையும் பறிப்பதாகும் என்றது தீர்ப்பு. இந்த இடம்தான் முக்கியமானது. மதத்துக்கு எதிராக நின்று பெற்ற உரிமையல்ல இது. மதத்துக்குள் நின்று பெற்றது. நல்சா தீர்ப்பும் திருநங்கைகளின் வரலாற்றைச் சொல்லும்போது அரவான் கதையைக் குறிப்பிடுகிறது. செஞ்சிக் கூத்து மேடையில் விடிய விடிய நடக்கும் கதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெற்றிருக்கிறது.

பழைய சட்டத்தைப் புதிய மனிதருக்காகப் படித்துப் பார்க்கும் இந்த வேலை நமக்கு மட்டும் உரியதல்ல. யூதர்களின் மதச் சட்டமான ஹலாகா இதே கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறது. ஆண் பெண் உடையை மாற்றி உடுத்தக்கூடாது என்று உபாகமம் தடை விதிக்கிறது. ஆனால் சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூல், ஆண் பெண் இரண்டு உறுப்புகளும் உள்ளவரை ‘அண்ட்ரோகினோஸ்’ என்று தனியே எடுத்துக்கொண்டு, எந்தக் கடமையில் அவர் ஆணைப்போல, எதில் பெண்ணைப்போல, எதில் இருவரையும்போல, எதில் எவரையும் போலல்லாதவர் என்று வரிசையாக ஆராய்கிறது. பாலினம் வெளியே தெரியாதவர் ‘தும்தும்’. இவை உடலை வைத்துச் செய்த பகுப்புகள். இன்றைய திருநர் என்ற கருத்து வேறு. ஆனாலும் இரண்டு கட்டத்துக்குள் அடங்காத மனிதர் உண்டு என்பதை ரப்பிகள் எனப்படும் அந்தக் கால மதகுருமார்கள் மறைக்கவில்லை.

யூத வழிபாட்டில் ஆணும் பெண்ணும் தனித்தனியே அமரும் சபைகள் உண்டு. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்களை எண்ணும் வழக்கமும் உண்டு. ஆகவே ஒருவர் ஆணா பெண்ணா என்பது அங்கே அன்றாடக் கேள்வி. ஆர்த்தடாக்ஸ் ரப்பிகளில் பெரும்பாலோர் பிறப்பில் உள்ள பாலினமே நிலையானது என்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே, ஜெருசலேமின் ரப்பி எலியேசர் வால்டன்பெர்க், அறுவைச் சிகிச்சைக்குப் பின் வெளியே தெரியும் உடலே சட்டத்தைத் தீர்மானிக்கும் என்று எழுதினார். அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவு 2003இல் அறுவைச் சிகிச்சை முடித்தவர்களை ஏற்றது. 2017இல் ஏற்ற மற்றொரு தீர்ப்பில், ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதே போதும் என்றது. நூல்கள் அதே பழைய நூல்கள். ஆனால் படிக்கிறவர்கள் எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துப் படித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. புரோகிதரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றிருந்த நிலையை, 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து மாற்றியது. 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்ததும் தமிழ்நாடுதான். மதுரைத் தீர்ப்பு அந்த வழியில் வந்தது.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்தது. ஆனால் அதே தீர்ப்பில், எதிர்பால் உறவில் இருக்கும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் இப்போதுள்ள சட்டங்களின்படியே, மதவழித் தனிச் சட்டங்கள் உட்பட, மணம் செய்துகொள்ளும் உரிமை உண்டு என்று உறுதி செய்தது. தத்தெடுப்புச் சட்டத்திலும் வாரிசுரிமைச் சட்டத்திலும் ஆண், பெண் என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றையும் யாராவது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த்தான் படிக்க வைக்க வேண்டுமா? சட்டமன்றமும் நாடாளுமன்றமும் முந்திக்கொள்ளலாம்.

செஞ்சி வட்டாரத்தில் மணமுடித்திருக்கும் அல்லது முடிக்கப்போகும் திருநங்கைகளுக்கு ஒரு செய்தி. பதிவு அலுவலகத்தில் முடியாது என்றால் வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள்; காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் 2019ஆம் ஆண்டு ரிட் மனு எண் 4125 மீதான தீர்ப்பின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.