ஓ.டி.பி.யும் ஒரு கையெழுத்துதான்



பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்றும், கல்லூரிச் சேர்க்கைக்கு பி.சி. முஸ்லிம் சான்றும் இப்போது இ-சேவை மையம் வழியாகவே வாங்குகிறோம். அரக்கோணம் தாலுகா அலுவலகத்தில் ஒப்புதல் ஆனதும் சான்றிதழ் பி.டி.எஃப். கோப்பாக வந்துவிடுகிறது. அதில் மைக் கையெழுத்தும் இல்லை, ரப்பர் ஸ்டாம்பும் இல்லை. "இது செல்லுமா?" என்று சந்தேகப்பட்டு, மறுபடியும் தாலுகா ஆபீஸுக்கு நடப்பவர்கள் உண்டு.

அந்த அலைச்சல் தேவையில்லை. அந்தக் கோப்பில் அதிகாரியின் கையெழுத்து மின்னணு முறையில் பதிந்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி, அது பேனாவால் போட்ட கையெழுத்துக்குச் சமம்.

அதிகாரியின் மின்னணுக் கையெழுத்துக்கு இருக்கும் இதே மதிப்பு நம்முடையதற்கும் உண்டு. நாமும் இப்போது பல இடங்களில், சில நேரம் நமக்கே தெரியாமல், இப்படிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் இதைப் பற்றி வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

படம் வேறு, கையெழுத்து வேறு

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு, செல்போனில் படம் எடுத்து, அதைக் கோப்பில் ஒட்டி அனுப்புகிறோம். பள்ளிக்கூட விடுப்புக் கடிதம் போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் அந்தப் படம் கையில் கிடைத்த யாரும் அதை வேறொரு தாளில் ஒட்டிவிடலாம். பிறகு ஒருவர் "நான் போடவில்லை" என்று சொன்னால் நிரூபிப்பது கடினம்.

உண்மையான மின்னணுக் கையெழுத்து அப்படியல்ல. கோப்பில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் வைத்து, கணினி ஒரு கணக்குப் போட்டுச் சுருக்கக் குறியீடு ஒன்றை உண்டாக்கும். கையெழுத்துப் போடுபவருக்கு மட்டும் சொந்தமான ஒரு ரகசியச் சாவியால் அந்தக் குறியீடு பூட்டப்படும். அதற்கு இணையான இன்னொரு சாவி பொதுவில் இருக்கும். அதை வைத்து, போட்டவர் யார் என்று எவரும் சரிபார்க்கலாம். கோப்பில் ஓர் எண்ணை மாற்றினாலும் கணக்கு ஒத்துவராது. அரக்கு முத்திரை வைத்த உறையைப் பிரித்தால் முத்திரை உடைந்து காட்டிக்கொடுக்கும் அல்லவா, அதுபோலத்தான்.

நாம் போடும் இரண்டு வழிகள்

முதல் வழி, பென் டிரைவ் போல இருக்கும் டோக்கன். மத்திய அரசின் சான்றளிப்பு ஆணையர்களின் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற நிறுவனங்கள், அடையாளத்தைச் சரிபார்த்து இதைத் தருகின்றன. குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். டெண்டர் போடும் ஒப்பந்ததாரர்கள், கம்பெனி இயக்குநர்கள், ஆடிட்டர்கள் பயன்படுத்துவது இதுதான். தொழில் செய்யும் நம் சகோதரர்களில் பலர் டோக்கனையும் அதன் பின் நம்பரையும் ஆடிட்டர் அலுவலகத்திலேயே விட்டுவைக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்களைக் கட்டாகக் கொடுத்துவைப்பதும் இதுவும் ஒன்றுதான். டோக்கன் எங்கே இருந்தாலும் பின் நம்பர் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது வழி, ஆதார் மூலம் போடும் இ-சைன். 2015-ல் சட்டப்படி ஏற்கப்பட்ட இந்த முறைக்கு டோக்கன் எதுவும் தேவையில்லை. ஆதாருடன் இணைத்த செல்போன் எண் இருந்தால் போதும். ஆன்லைனில் பான் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதும், கடன் ஒப்பந்தத்துக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் ஆவணம் வரும். சம்மதம் என்ற கட்டத்தில் டிக் செய்து, ஆதார் எண்ணைக் கொடுத்தால், செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். அதைப் பதிந்த உடனே உங்கள் பெயரில் ஒரு முறைக்கான சாவி உருவாகி, கையெழுத்து விழுந்து, அந்தச் சாவி அழிந்துவிடும். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆபத்து எங்கே?

அந்த ஆறு எண்களைச் சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்று. அக்காலத்தில் வட்டிக்காரர் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார். இன்று வீட்டு வாசலில் வந்து நிற்பவர், "சும்மா செக் பண்ணத்தான், வந்த நம்பரைச் சொல்லுங்கம்மா" என்கிறார். சொன்னவுடன் கடன் பத்திரத்திலோ ஜாமீன் பத்திரத்திலோ அந்தத் தாயாரின் கையெழுத்து விழுந்திருக்கலாம். பிறகு "எனக்குத் தெரியாது" என்றால், அவருடைய ஆதார், அவருடைய செல்போன், அவர் சொன்ன ஓ.டி.பி. என்ற மூன்றும் அவருக்கு எதிராக நிற்கும்.

எனவே ஓ.டி.பி. வந்தால் முதலில் கேளுங்கள்: இது எந்தத் தாளுக்கு? எவ்வளவு தொகை? என் பெயர் கடன் வாங்குபவராக இருக்கிறதா, ஜாமீனாக இருக்கிறதா? திரையைக் காட்ட மறுப்பவரிடம் எண்ணைச் சொல்லவே வேண்டாம். கையெழுத்தான பிறகு அந்தப் பி.டி.எஃப். கோப்பை உங்கள் செல்போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் உள்நுழைந்து, ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி என்ற பகுதியைப் பார்த்தால், கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்று தெரியும். சந்தேகம் வந்தால் ஆதார் உதவி எண் 1947. பணம் மோசடி போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

வந்த கோப்பைச் சரிபார்ப்பது

பி.டி.எஃப். கோப்பைக் கணினியில் அடோபி ரீடரில் திறந்தால், கையெழுத்து சரியாக இருந்தால் பச்சை டிக் தெரியும். மஞ்சள் கேள்விக்குறி வந்தால் போலி என்று அர்த்தமில்லை. கையெழுத்திட்டவரை அந்தக் கணினி இன்னும் அறியவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம். இ-ஆதாரில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அதன்மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, வேலிடேட் சிக்னேச்சர் என்பதைத் தேர்ந்து, கையெழுத்திட்டவரின் விவரத்தைப் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் பெயர் இருப்பதை உறுதி செய்த பிறகே நம்பகமானவர் பட்டியலில் சேருங்கள். கோப்பு மாற்றப்பட்டதாக எச்சரிக்கை வந்தால் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

பிரின்ட் எடுத்தாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ மின்னணுக் கையெழுத்து கூட வராது, அதன் படம்தான் வரும். ஆகவே மூலக் கோப்பை மின்னஞ்சலிலோ டிஜிலாக்கரிலோ பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இ-சேவைச் சான்றின் பிரின்ட்டைச் சந்தேகப்படுபவரிடம், அதில் உள்ள சான்றிதழ் எண்ணை அரசு இணையதளத்தில் பதிந்து சரிபார்க்கச் சொல்லலாம்.

எங்கே செல்லாது?

உயில், குடும்பத்தாருக்குள் எழுதும் பவர் பத்திரம், டிரஸ்ட் பத்திரம் ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வஸிய்யத் எழுதுபவர்கள் தாளில் எழுதி, சாட்சிகள் முன் கையெழுத்திட்டு வைப்பதே பாதுகாப்பு. வளைகுடாவில் இருக்கும் மகன் ஊரில் உள்ள இடத்தை விற்க பவர் தர வேண்டுமானால், இ-சைன் போட்ட கோப்பு உதவாது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று, மூலத் தாளை அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும்.

ஆனால் வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்கள் இப்போது மின்னஞ்சலிலேயே கையெழுத்தாகின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 2021-ல் இதற்கென ஒரு சட்டமே கொண்டுவந்தது. "இங்கே அழுத்தவும்" என்பதை அழுத்துமுன் சம்பளம், ஒப்பந்தக் காலம், விடுப்பு, திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்பதையெல்லாம் படியுங்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282-வது வசனம், கடனை எழுதிவைப்பது பற்றியே பேசுகிறது. சொல்லி எழுதவைக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நேர்மையாகச் சொல்லி எழுதவைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. நம் வீடுகளில் ஆங்கிலத் திரையைப் படிக்க இயலாத பெரியவர்கள் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருப்பதை வரிவரியாகத் தமிழிலோ உருதுவிலோ சொல்லுங்கள். அவர்களுக்குப் புரிந்த பிறகு, சம்மதமா என்று கேட்டு, ஓ.டி.பி.யை அவர்கள் கையாலேயே பதியச் செய்யுங்கள்.