ஆழத்தில் நிற்கும் தூண்டில்

சித்திரை வெயிலில் கிணற்றில் குதித்து நீந்தியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மேலே நீர் வெதுவெதுப்பாக இருக்கும். காலைக் கீழே விட்டால் பாதம் சில்லென்று குளிரும். கெங்கவல்லி வட்டாரப் பிள்ளைகளுக்கு இது பழகிய அனுபவம். தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் வழியே ஓடும் சுவேத நதி ஆண்டின் பெரும் பகுதி மணலாகவே கிடப்பதால், அவர்கள் நீச்சல் பழகுவது கிணற்றில்தான். சூடான நீரின் அடர்த்தி குறைவு. ஆகவே அது மேலே மிதக்கிறது. குளிர்ந்த நீர் அடியில் தங்குகிறது. பெரிய ஏரிகளிலும் அணைகளிலும் இதே அடுக்கு இன்னும் பெரிய அளவில் அமைகிறது.

மீன்களுக்கு இந்த அடுக்குகளில் விருப்பு வெறுப்பு உண்டு. எந்த அடுக்கில் தனக்கேற்ற வெப்பநிலையும் போதிய ஆக்சிஜனும் இரையும் இருக்கின்றனவோ, அங்கேதான் மீன் திரியும். அந்த அடுக்கு பத்து மீட்டர் ஆழத்தில் இருந்தால் தூண்டிலும் அங்கேதான் இருக்க வேண்டும். மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் பரிசலில் சென்று வலை கட்டுபவர்கள் இதை எளிதாகச் சமாளிக்கிறார்கள். வலையின் மேல்கயிற்றில் தக்கைகள், அடிக்கயிற்றில் குண்டுகள். நீரில் அசையாமல் நிற்கும் வலைக்குச் சிறு குண்டுகளே போதும்.

படகு ஓடிக்கொண்டே தூண்டிலை இழுத்துச் சென்றால்தான் சிக்கல். 20 கிராம் ஈயக் குண்டு கட்டிய நூலை எடுத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடீசின் கணக்குப்படி நீரில் அதன் எடை சுமார் 18 கிராம். நூலின் தடிமன் 0.3 மில்லிமீட்டர். படகு வினாடிக்கு 1 மீட்டர், அதாவது நாம் நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே ஓடுகிறது. இந்த வேகத்தில் நீர் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரு மீட்டர் நூலின்மேல் நீரின் தடை சுமார் 17 கிராம் எடை! குண்டு கீழே இழுப்பதும், ஒரே ஒரு மீட்டர் நூலை நீர் பின்னே தள்ளுவதும் ஏறக்குறையச் சமம். முப்பது மீட்டர் நூல் விட்டால் என்ன ஆகும்? நூல் படுத்துவிடும். தூண்டில் நான்கு மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதே அரிது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத நூல்தானே என்று நாம் அலட்சியப்படுத்துவது எவ்வளவு தவறு, பாருங்கள்.

இதற்கு மேல்நாட்டு மீன்பிடிப்பவர்கள் கண்ட வழிதான் 'டவுன்ரிக்கர்' என்னும் கருவி. நாம் 'ஆழமிறக்கி' எனலாம். 1966இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் கோஹோ சால்மன் மீன்குஞ்சுகளை விட்டார்கள். குளிர்ந்த நீரை நாடும் இம்மீன் கோடையில் ஆழத்துக்குப் போய்விடும். அதைத் தேடிப் போனவர்களிடையே இக்கருவி வேகமாகப் பரவியது.

கருவி எளியது. கைப்பிடியுள்ள ஓர் உருளை, அதில் சுற்றிய உறுதியான கயிறு, படகுக்கு வெளியே நீளும் ஒரு கை, கயிற்றின் நுனியில் கனத்த குண்டு. குண்டின் அருகே, துணி காயப்போடும் கிளிப்பைப் போன்ற ஒரு கவ்வி. தூண்டில் நூலை இந்தக் கவ்வியில் மாட்டிக் குண்டோடு கீழே இறக்குவார்கள். மீன் இரையைப் பற்றி இழுத்ததும் நூல் கவ்வியிலிருந்து விடுபடும். பிறகு மீனுக்கும் தூண்டிற்காரருக்கும் இடையே நூல் மட்டுமே. குண்டு தொல்லை கொடுக்காது. ஆழத்தை அளக்க வடிவியல் உதவுகிறது. உருளையின் விட்டம் 10 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 31.4 செ.மீ. கயிறு இறங்கும், 32 சுற்றில் பத்து மீட்டர்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். குண்டு 2 கிலோ ஈயம்; கயிறு 1 மி.மீ. தடிமன், 10 மீட்டர் நீளம். நீரில் குண்டின் எடை சுமார் 1,820 கிராம். அதே வேகத்தில் குண்டின்மேல் நீரின் தடை வெறும் 90 கிராம்; கயிற்றின்மேலோ 560 கிராம்! இருந்தும் குண்டின் கனம் வென்றுவிடுகிறது. கயிறு மேல்முனையில் சுமார் 20 பாகை சாயும். ஆழத்தில் இழப்பு கால் மீட்டர்தான். வேகத்தை இருமடங்காக்கினால் தடை நான்கு மடங்காகும். சாய்வு 45 பாகையைத் தாண்டிவிடும். நல்ல வேளையாக, துடுப்புப் போடும் ஒருவரால் அந்த வேகத்தில் நெடுநேரம் போக முடியாது.

துடுப்புப் படகு என்றதும் கயாக்குக்கு வருகிறோம். வடதுருவப் பகுதியின் இனூயிட் மக்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்திச் செய்த ஒல்லிப் படகு அது. மூங்கில் பின்னலின்மேல் தோல் போர்த்திய நம் பழைய பரிசலின் தூரத்து உறவு என்றே சொல்லலாம். வடிவம்தான் நேர்மாறு. பரிசல் வட்டமாக, அகலமாக இருக்கும். இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கும் மீன்பிடிக் கயாக்கின் அகலம் ஏறத்தாழ 80 செ.மீ. மட்டுமே. அதன் ஓரத்தில் இரண்டு கிலோவைத் தொங்கவிட்டால் கவிழாதா?

குண்டு பத்து மீட்டர் கீழே தொங்குவதால் படகு இன்னும் உறுதியாக நிற்கும் என்று உங்களில் சிலர் வாதிடலாம். அடி கனத்த தஞ்சாவூர்ப் பொம்மை சாய்த்தாலும் நிமிர்கிறதே என்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் பொம்மையின் கனம் பொம்மையோடு ஒட்டியிருக்கிறது. பொம்மை சாய்ந்தால் அதுவும் சாய்கிறது. கயிற்றில் தொங்கும் குண்டோ படகோடு சாய்வதில்லை. அதன் எடை முழுவதும் கயிறு தொங்கும் புள்ளியில், அதாவது கையின் நுனியில், செயற்படுகிறது. குண்டு ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தாலும் பத்து மீட்டரில் இருந்தாலும் படகுக்கு ஒன்றே. ஆகவே கையைத் தாழ்வாக, குட்டையாக அமைப்பதே நல்லது.

படகின் நடுக்கோட்டிலிருந்து 60 செ.மீ. தள்ளிக் குண்டு தொங்கட்டும். அதன் திருப்புத்திறன் 2 × 60 = 120. அறுபது கிலோ எடையுள்ளவர் எதிர்ப்பக்கம் இரண்டு செ.மீ. நகர்ந்தால் 60 × 2 = 120. தீர்ந்தது கணக்கு! தொங்கும் குண்டு பயப்பட வேண்டிய பொருளே அன்று.

உண்மையான ஆபத்து குண்டு எதிலாவது சிக்கும்போது வருகிறது. அணை நீரின் அடி வழவழப்பான தொட்டி அன்று. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீருக்குள் பழைய ஊர்களின் கட்டடங்கள் கிடக்கின்றன. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தலைகாட்டுவதைப் பலர் போய்ப் பார்க்கிறார்கள். அத்தகைய சுவரிலோ மரத்திலோ குண்டு மாட்டிக்கொண்டு, படகைக் காற்றும் அலையும் தள்ளினால், கயிறு தன் வலிமை முழுவதையும் காட்டும். 50 கிலோ தாங்கும் கயிறானால் திருப்புத்திறன் 50 × 60 = 3,000. இதை உடலைச் சாய்த்து மட்டும் ஈடுகட்ட அறுபது கிலோ ஆள் 50 செ.மீ. நகர வேண்டும். படகின் பாதி அகலமே 40 செ.மீ.! படகு கவிழும்.

ஆகவே கருவியைப் பொருத்தும் இடம் உட்கார்ந்தபடியே கைக்கெட்ட வேண்டும். துடுப்பில் இடிக்காதிருக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் பொருத்திவிட்டு ஆபத்து வேளையில் திரும்பித் தடவுவது சரியன்று. கயிற்றை அறுக்க ஒரு கத்தி கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உருளையின் பிரேக், அளவுக்கு மீறி இழுத்தால் நழுவும்படி முடுக்கப்பட்டிருக்க வேண்டும். குண்டை மட்டும் வலிமை குறைந்த சிறு கயிற்றால் கட்டுவது இன்னொரு தந்திரம். சிக்கினால் குண்டு போகும், ஆள் பிழைப்பார். (நீரில் விட்ட ஈயம் நஞ்சு என்பது வேறு கதை. அன்னங்கள் இறந்ததால் இங்கிலாந்தில் 1987இல் சிறிய ஈயத் தூண்டிற் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். ஆழமிறக்கிக்கு வார்ப்பிரும்புக் குண்டும் உதவும். ஈயத்தைவிட அடர்த்தி குறைவு என்பதால் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.)

பொருத்தும் திருகாணிகளையும் நெம்புகோல் விதி விடுவதில்லை. கை 30 செ.மீ. நீண்டு, பின்பக்கத் திருகாணி அடித்தளத்தின் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்தால், அதன்மேல் இழுப்பு ஆறு மடங்காகும். இரண்டு கிலோ பன்னிரண்டு கிலோவாகும்; சிக்கிய 50 கிலோ 300 கிலோவாகும். மெல்லிய பிளாஸ்டிக்கில் திருகாணி மட்டும் இருந்தால் பிய்த்துக்கொண்டு வரும். உட்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் உலோகத் தகட்டை வைத்து முடுக்கினால் அதே விசை பெரிய பரப்பில் பரவும், அழுத்தம் குறையும். துளையைச் சுற்றி நீர் புகாத பசை தடவ மறக்கக் கூடாது.

கயாக் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். கிணற்றடிக்குப் போக வேண்டாம். வீட்டு அண்டாவே போதும். பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியில் கொஞ்சம் மணல் பரப்பி மிதக்க விடுங்கள். குறுக்கே, ஒரு பக்கம் வெளியே நீளும்படி, குச்சியைக் கட்டுங்கள். அதன் நுனியில் இரும்பு நட்டு ஒன்றை நூலில் தொங்கவிட்டுச் சாய்வைக் குறியுங்கள். நூலைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். நட்டு நீருக்குள் இருக்கும்வரை சாய்வு மாறாது. நட்டை நீருக்கு மேலே தூக்கியதும் சாய்வு சற்றுக் கூடும். எவ்வளவு கூடும் என்பதை நட்டின் எடையையும் பருமனையும் அளந்து முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம்.