ஆய்வுகூட எண் ஏறும், ஆள் தேறுவார்

இதய நோய்க்கு டிகொக்சின் குளிசை குடிப்பவர்களின் இரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது அளப்பார்கள். மில்லிலீட்டருக்கு 2 நனோகிராமைத் தாண்டினால் வைத்தியர் யோசிக்கத் தொடங்குவார். ஆனால் ஒரு சந்தர்ப்பத்தில் இந்த எண் பத்து மடங்குக்கு மேலும் ஏறி நிற்கும்; ஆளோ தேறிக்கொண்டிருப்பார். காரணம், தடுப்பூசி வழியாகப் பிறந்த பிறபொருளெதிரி.

டிகொக்சின் மிகச் சின்ன மூலக்கூறு. தனியே ஏற்றினால் உடலின் காவல் அதைக் கண்டுகொள்ளாது. பெரிய புரதமொன்றோடு ஒட்டிச் செம்மறியாட்டுக்கு ஊசி போட்டால், டிகொக்சினையே குறிவைக்கும் பிறபொருளெதிரிகள் ஆட்டின் இரத்தத்தில் உண்டாகும். அவற்றின் பிடிக்கும் நுனியை மட்டும் பிரித்தெடுத்ததுதான், டிகொக்சின் மிகுந்து நஞ்சானவருக்கு ஏற்றும் ‘ஃபாப்’ என்ற மாற்றுமருந்து.

இது எங்களுக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. மஞ்சள் அலரி விதையின் நஞ்சு டிகொக்சினுக்கு நெருங்கிய உறவு. ஃபாப் அதையும் பிடித்துவிடும். இலங்கையில் அலரி நஞ்சேறிய 66 பேரிடம் செய்த பரிசோதனை 2000இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஃபாப் பெற்ற 34 பேரில் 15 பேருக்கு இரண்டே மணித்தியாலத்தில் இதயத்துடிப்பு சீரானது. பெறாத 32 பேரில் இருவருக்குத்தான். பிறகு விலை கட்டுப்படியாகாமல் மருந்து இங்கே இல்லாமல் போனபோது சாவு கூடியது என்று 2003இல் அதே இதழ் எழுதியது. வேலை செய்யும் மருந்து கையிலிருந்து நழுவியதைப் படிக்க இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

எண் ஏன் ஏறுகிறது? இரத்தத்துக்குள் போன ஃபாப் அங்கிருக்கும் டிகொக்சினைப் பிடித்துக் கட்டுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, இதயத் தசையில் ஒட்டியிருந்ததும் இரத்தத்துக்கு இறங்கி வர, அதுவும் மாட்டிக்கொள்கிறது. கட்டுண்ட மருந்தால் இதயத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஆய்வுகூட இயந்திரம் பலவேளை கட்டுண்டதையும் சுதந்திரமாக இருப்பதையும் சேர்த்தே கணக்கிடும்.

சிக்கல் இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான இயந்திரங்கள் டிகொக்சினை அளப்பதே ஒரு பிறபொருளெதிரியைக் கொண்டுதான். நோயாளியின் மாதிரியில் இருக்கும் ஃபாப் அதோடு போட்டிக்கு நிற்கும். முறைக்கு முறை எண் கூடவோ குறையவோ காட்டும். மெல்லிய சவ்வில் வடிகட்டி, கட்டுப்படாததை மட்டும் அளந்தால் உண்மை தெரியும். ஆனால் அந்த வசதி எல்லா ஆய்வுகூடத்திலும் இராது. எனவே ஃபாப் கொடுத்த சில நாட்களுக்கு அந்த எண்ணை நம்பாமல், ஈசிஜியையும் பொட்டாசியத்தையும் பார்த்தே வைத்தியம் செய்வார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஃபாப் வெளியேற இன்னும் நாளெடுக்கும்.

கொடகவெல ஆஸ்பத்திரியிலிருந்து எம்பிலிப்பிட்டிய ஆஸ்பத்திரிக்கோ இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கோ ஃபாப் பெற்ற ஒருவரை மாற்றி அனுப்பும்போது, ஃபாப் எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், இரத்தம் அதற்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்று கடிதத்தில் இருக்கவேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அங்குள்ள வைத்தியர் எண்ணைக் கண்டு தடுமாறக்கூடும்.

நிக்கொட்டின், கொக்கெயின் போன்றவற்றுக்கு எதிராக மனிதருக்கே தடுப்பூசி போட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் இதே கதைதான்: பிறபொருளெதிரி போதைப்பொருளை இரத்தத்திலேயே பிடித்து வைப்பதால், மூளைக்குப் போவது குறைய, இரத்தத்தில் மொத்த அளவு கூடித் தெரியும். பிள்ளைகளுக்குப் போடும் ஏற்பூசியையோ கொவிட் ஊசியையோ நினைத்து யாரும் பயப்படத் தேவையில்லை. அவை கிருமிகளையும் அவற்றின் நஞ்சையும் குறிவைப்பவை. டிகொக்சின் குளிசையை அவை பிடிப்பதில்லை.