அழிந்துபோகும் சோதனைப் பதிவேடு

கர்நாடகத்தில் 2000ஆம் ஆண்டையொட்டி ‘பூமி’ திட்டத்தின்கீழ் சுமார் 2 கோடி நிலப் பதிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பெற்றன. சாமராஜநகர் மாவட்டம் மார்டள்ளியில் (கொள்ளேகால் பகுதி 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்ததை முதியோர் அறிவர்) தமிழ்க் குடியானவர் ஒருவர் பயிர்க் கடனுக்குக் காட்டும் பஹணியும் இத்தகைய பதிவேட்டிலிருந்தே கிடைக்கிறது.

தொலைவிலிருந்து இவ்வாறான ஏட்டைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் மென்பொருள் வலைச்சேவை எனப்படும். தந்தையின் நிலத்தை இரு மக்கள் பெயருக்குப் பிரித்தெழுதும் வலைச்சேவை ஒன்று புதிதாக இயற்றப்பெற்றதாகக் கொள்வோம். அதனை உண்மை ஏட்டில் சோதித்தல் தகாது. பிழை நேரின் ஒரு குடும்பத்தின் உரிமையே மறைந்துவிடும். நகல் ஏட்டிலும் முந்திய சோதனையின் எச்சம் அடுத்த சோதனையைக் கெடுக்கும்.

ஆகவே ஆசிரியர் கரும்பலகையைக் கையாளும் முறையே இங்கும் கையாளப்படுகிறது. எஸ்க்யூலைட், எச்2 போன்ற தரவுத்தளங்களை வட்டில் எழுதாமல் கணிப்பொறியின் நினைவகத்தில் மட்டும் அமைக்கலாம். வலைச்சேவை தொடங்கும்போது வெற்று ஏடு ஒன்று தோன்றும். அதில் நான்கைந்து கற்பனைப் பெயர்களை இட்டு, வெளியிலிருந்து வருவது போன்றே விண்ணப்பத்தை அனுப்பி விடையை ஒப்பிடுவர். சேவையை நிறுத்தியதும் ஏடு சுவடின்றி அழியும்.

இதனால் வெளிப்படக்கூடிய பிழை ஒன்றைக் காண்போம். ஓர் ஏக்கருக்கு 40 குண்ட்டா. 1 ஏக்கர் 5 குண்ட்டாவைச் சரிபாதியாக்கினால் தலைக்கு 22½ குண்ட்டா வரவேண்டும். அளவை 1.05 என்னும் தசம எண்ணாகக் கருதிய நிரலோ 0.525 என்று விடை தரும். அதாவது ஓர் ஏக்கருக்கும் மேற்பட்ட 52½ குண்ட்டா! சோதனை ஏட்டில் இது சிரிப்புக்குரியது; உண்மை ஏட்டிலோ வழக்குக்குரியது.

எனினும் இம்முறையை முற்றிலும் நம்பிவிடலாகாது. எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்தை இட்டாலும் எஸ்க்யூலைட் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். உண்மை ஏடு அமைந்துள்ள பெரிய தரவுத்தளம் அதனை மறுக்கும். மேலும், நினைவக ஏட்டுக்கு இரு இணைப்புகள் திறந்தால் சாதாரணமாக இரண்டும் தனித்தனி ஏடுகளாகிவிடும். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தென்படாமையால் புதியோர் திகைப்பதுண்டு. எச்2 வகையிலோ, கடைசி இணைப்பு மூடியவுடன், சோதனை முடியுமுன்பே ஏடு மறைந்துவிடும். அதனைத் தடுக்கத் தனிக் கட்டளை வேண்டும். ஆதலின் அன்றாடச் சோதனைகளை நினைவகத்தில் நடத்தியபின், இறுதிச் சோதனைக்கு மட்டும் உண்மை ஏட்டின் இனத்தைச் சேர்ந்த தரவுத்தளத்தையே தனியாக நிறுவி, வேலை முடிந்ததும் நீக்கிவிடுகின்றனர்.